வலிப்பு நின்றுவிட்டது, அவர் ஏன் விழிக்கவில்லை?

நரம்பியல் கேள்வி – பதில்

இந்த வாரம் நான்கு கடிதங்கள்தான். முதல் கடிதமே பாதிப் பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒற்றைத் தலைவலி பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. விடியற்காலையில் மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தார். அவ்வப்போது வாயைத் திறந்து மூச்சை இழுத்தார், மற்றபடி அசைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் 12 நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைத்தார்கள். மறுநாள் முகம், தோள், கண் இமை எல்லாம் வெட்டி வெட்டித் துடித்தன. இரண்டு நாள் விடவே இல்லை. மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, கூட மூன்று வலிப்பு மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். இன்று 11ஆம் நாள். கண் திறக்கிறார், எங்களைப் பார்ப்பதில்லை. ஒரு டாக்டர், இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்கிறார். இன்னொருவர், வயது குறைவுதானே, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். எங்கள் தெருவில் பாம்பு கடித்த பையன் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்து எழுந்துவிட்டான். வலிப்பு நின்ற பிறகும் இவர் ஏன் எழவில்லை? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோது 19ஆம் நாள் ஆகிவிட்டிருந்தது. அச்சில் வரும் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை என்பதால் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவற்றில் மற்றவர்களுக்கும் உதவக்கூடியதை உங்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசி வரி. அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை ஐ.சி.யு. வாசலில் கேட்காத குடும்பம் இல்லை. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. காக்காய் வலிப்புக்காரர் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டு ஓயாத வலிப்போடு வருவார். மருந்து ஏற்றி நிறுத்துவோம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழுந்து, என் செருப்பு எங்கே என்று கேட்பார். வலிப்பு நின்றால் ஆள் எழுவார் என்று ஊரே நம்புவது இவரைப் பார்த்துத்தான். ஆனால் அவருக்கு நோயே வலிப்பு. உங்கள் கணவருக்கு நோய் வேறு. மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போகாமல் இருந்த அந்த நிமிடங்கள்தான் நோய்; வலிப்பு அதன் பின்னால் வந்தது.

நீங்கள் பம்பு செட்டு வைத்திருப்பவர். கம்பிச் சுற்று, அதாவது காயில், கருகிய மோட்டார் ஃபியூஸைப் போக்கிக்கொண்டே இருக்கும். ஃபியூஸை எத்தனை தடவை மாற்றினாலும் கருகிய காயில் அப்படியேதான் இருக்கும். அதற்காக ஃபியூஸைக் கவனிக்காமல் விட முடியாது. ஓயாத வலிப்பு மிச்சமிருக்கும் செல்களையும் களைக்க வைக்கும். ஆகவே உங்கள் டாக்டர்கள் வலிப்பை நிறுத்த முனைந்தது சரி. அதிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதற்குத்தான் ஓர் எல்லை இருக்கிறது.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்; நாம் இழுக்கும் ஆக்சிஜனில் அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 20 சதவீதம். சேமிப்பு என்று எதுவும் கிடையாது. இதயம் நின்றால் பத்து, பதினைந்து விநாடிக்குள் நினைவு போகிறது. நான்கைந்து நிமிடத்தில் செல்கள் திரும்பாத வழியில் இறங்கத் தொடங்குகின்றன. எல்லாச் செல்லும் ஒன்றாகச் சாவதில்லை. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ், சிந்திக்கும் மேற்புறணி, நடையின் சமநிலையைப் பார்க்கும் சிறுமூளை ஆகியவற்றின் செல்கள் முதலில் விழுகின்றன. மூச்சையும் கண் திறப்பையும் நடத்தும் மூளைத்தண்டு சற்றுக் கெட்டியானது. அதனால்தான் மூச்சு தானாக வருகிறது, கண் திறக்கிறது, பார்வையில் மட்டும் ஆள் இல்லை.

அவ்வப்போது மூச்சை இழுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுவாசக் கணக்கில் சேராது. இதயம் நின்ற பிறகு மூளைத்தண்டு கடைசியாகத் தள்ளிப் பார்க்கும் இழுப்பு அது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படித்த டாக்டர்களே ஏமாறுவார்கள். படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கூப்பிட்டுத் தட்டியும் அசையாமல், மூச்சும் ஒழுங்காக இல்லாமல் ஒருவர் கிடந்தால், 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்.

இப்போது அந்தத் துடிப்புக்கு வருகிறேன். இதயம் நின்று திரும்பியவர்களுக்கு முதல் 72 மணி நேரத்துக்குள், அரை மணிக்கு மேல் விடாமல் உடம்பெங்கும் வெட்டி இழுத்தால், அது நல்ல குறி இல்லை என்று நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். உண்மையும் அதுதான், பெரும்பாலும். ஆனால் அதை மட்டும் வைத்து ஓர் ஆளைக் கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. நானே அப்படி உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன். மூளை அலை நன்றாக இருந்தும் உடம்பு துடிப்பவர்கள் உண்டு. உடம்பு அசையாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடுபவர்களும் உண்டு. மூளை அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நான் படித்த காலத்து ஈ.ஈ.ஜி. எந்திரத்தில் மசிப் பேனாக்கள் காகிதத்தைக் கீறிக்கொண்டே போகும். கோமா நோயாளியின் காதருகே நான் கை தட்டுவேன். எங்கள் பேராசிரியர் நோயாளியைப் பார்க்காமல் பேனாவைத்தான் பார்ப்பார். தட்டிய ஓசைக்கு அலை மாறினால், பின்னணி அலை அறுபடாமல் ஓடினால், முகம் எவ்வளவு துடித்தாலும் அவரை விடமாட்டார். அலை ஓடாமல் இடையிடையே தட்டையாகக் கிடந்து வெடித்து வெடித்து வந்தால் பேசாமல் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்து ஈ.ஈ.ஜி.யில் தெரியும் வலிப்பு அலைகளை அடக்கினால் பலன் உண்டா என்று நெதர்லாந்து, பெல்ஜியம் டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இதயம் நின்று பிழைத்து, கோமாவில் இருந்த 172 பேர். பாதிப் பேருக்கு இரண்டு நாளாவது வலிப்பு அலையை முழுக்க அடக்கும் அளவுக்கு மருந்து. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2022இல் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் மோசமான நிலையில் இருந்தவர்கள், அல்லது இறந்தவர்கள், முதல் பிரிவில் 90 சதவீதம், இரண்டாம் பிரிவில் 92. கசப்பான எண்ணிக்கைதான். உங்களிடம் தொலைபேசியிலும் இதை மறைக்கவில்லை. பத்தில் ஒருவர் தேறினார் என்பதும் அதே எண்ணிக்கையில் இருக்கிறது.

அந்த ஒருவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த ஒரு சோதனையும் தனியாகச் சொல்லாது. 2021இல் ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த முறையை இன்று பல நாட்டு ஐ.சி.யு.க்கள் பின்பற்றுகின்றன. மயக்க மருந்தின் பாதிப்பு நீங்கி, குறைந்தது 72 மணி நேரம் கழித்து, ஆள் இன்னும் ஆழ்ந்த கோமாவில் இருந்தால் பார்க்க வேண்டியவை இவை. வெளிச்சத்துக்குக் கண்மணி இரண்டும் சுருங்குகின்றனவா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா. ஈ.ஈ.ஜி. பின்னணி எப்படி. மணிக்கட்டு நரம்பில் சிறு மின்சாரம் கொடுத்தால் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் மூளையின் மேற்பரப்பில் பதில் வருகிறதா. இரண்டு பக்கமும் வராவிட்டால் மிக மோசம். நரம்புச் செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு நொதியின் அளவு. ஸ்கேனில் மூளை முழுவதும் வீங்கிச் சிதைந்திருக்கிறதா. மேலே சொன்ன விடாத துடிப்பு. இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து கெட்ட பக்கம் காட்டினால்தான் தேறுவது அரிது என்று சொல்லலாம். ஒன்றே ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு சி.டி. ஸ்கேன் முதல் நாள் எடுத்ததோடு சரி. முதல் நாளில் அது பல சமயம் ஒன்றும் காட்டாது. ஈ.ஈ.ஜி. ஒரே ஒரு தடவை, மூன்றாம் நாள், மிடாசோலம் என்ற மயக்க மருந்து சொட்டாக ஏறிக்கொண்டிருந்தபோது. மணிக்கட்டுச் சோதனை செய்யவில்லை. மிடாசோலம் சிறுநீரகம் சுணங்கியவருக்கு உடம்பில் தேங்கி, நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் தூங்க வைக்கும். சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் உங்கள் கணவருக்கு ஏறியிருந்ததாக நீங்களே படித்துக் காட்டினீர்கள். ஆக, 'ஒன்றுமில்லை' என்ற டாக்டர் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்காமல் சொல்லிவிட்டார். 'வயது குறைவு' என்ற டாக்டரும் அப்படியே. இந்த நோயில் வயதைவிட மூச்சில்லாமல் போன நிமிடங்கள் பேசும். நாளை காலை ரவுண்டில் 'எப்போது எழுவார்' என்று கேட்காதீர்கள். 'மயக்க மருந்து நின்று எத்தனை நாள் ஆகிறது, அதன் பிறகு என்னென்ன பார்த்தீர்கள்' என்று கேளுங்கள். ஈ.ஈ.ஜி. மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அது வருமுன் நான் ஆரூடம் சொல்லமாட்டேன்.

பாம்பு கடித்த பையனோடு ஒப்பிடாதீர்கள். கடித்தது கட்டுவிரியனாகத்தான் இருக்கும். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும், வலிகூடத் தெரியாது. அதன் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைக் கட்டிப்போடுகிறது. இமை திறக்காது, கை அசையாது, கண்மணிகூடச் சில சமயம் விரிந்து நின்றுவிடும். பார்ப்பவர் மூளை போய்விட்டது என்றே நினைப்பார். ஆனால் நேரத்துக்கு வென்டிலேட்டர் போட்டிருந்தால் உள்ளே மூளை முழுதாக விழித்திருக்கும், கட்டிலைச் சுற்றி நின்று நாம் பேசியதெல்லாம் கேட்கும். பையனைக் கேட்டுப் பாருங்கள், யார் யார் என்ன பேசினார்கள் என்று சொல்வான். அவனுக்குப் பூட்டியிருந்தது வாசல் மட்டும்.

கண் திறப்பதற்கும் விழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். தேறுபவர்களில் பெரும்பாலோர் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஓர் அடையாளம் காட்டுவார்கள், சிலர் தாமதிப்பார்கள். பல்லைக் கடிப்பது, கொட்டாவி, கண்ணில் நீர் வழிவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, உள்ளங்கையில் விரல் வைத்தால் மூடிக்கொள்வது எல்லாம் நினைவில்லாமலே நடக்கும். கையைப் பிடித்தார் என்று அழாதீர்கள். 'விடு' என்று சொன்னால் விடுகிறாரா என்று பாருங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துங்கள். மனைவி முகம், விளக்கு எதையும் தொடராத கண், தன் முகத்தை முதலில் தொடர்ந்து போவதைப் பார்த்திருக்கிறோம். ஒரு தடவை நடந்தால் போதாது. காலை, மாலை, நாள் போட்டு எழுதுங்கள்.

என் வார்டில் ஒரு பெண்மணி நாற்பது பக்க நோட்டில் கணவரின் அசைவுகளை எழுதிவந்தார். கடிகாரம் கிடையாது, நர்ஸ் ஷிப்டு மாறும் நேரத்தை வைத்துக் கணக்கு. 'இரவு நர்ஸ் வந்த பிறகு, கண்ணாடியோடு இடது பக்கம் போனார்' என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருந்தார். நாங்கள் நம்பவில்லை. தூக்க மருந்து வேகம் குறையும் நேரம் அது. ரவுண்டு போகும் காலை பத்து மணிக்கு அவர் மரக்கட்டைபோல் கிடந்ததால் எங்கள் கண்ணில் படவே இல்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருந்து நேரத்தை மாற்றினோம். முழுதாகத் தேறினார் என்று சொல்லமாட்டேன். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட்டார், நேற்று நடந்தது மட்டும் அவரிடம் நிற்கவில்லை.

அடிபட்ட மூளைக்கு ஓராண்டு வரை காத்திருக்கச் சொல்வோம். மூச்சில்லாமல் போன மூளைக்கு அவ்வளவு நீளமான கணக்கு இல்லை. மூன்று மாதம் வரை நினைவின் சாயலே வராவிட்டால் பிறகு வருவது அபூர்வம். அபூர்வம் என்றுதான் எழுதுகிறேன். கண் திறந்தும் நினைவு வராத இந்த நிலைக்கு 'நிரந்தரம்' என்ற சொல்லை 2018இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களே கைவிட்டு, 'நாள்பட்ட' என்று மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்துவிடுவார் என்று யாரோ விலை சொன்னதாகவும், தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாக விற்கக் கூடாது. அந்தப் பணத்தில் காற்றுப் படுக்கை ஒன்றும், தினமும் வந்து கை கால் மடக்கிவிட ஒரு பிசியோதெரபிஸ்டும் ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். மூக்குக் குழாயில் ஊற்றும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். ஆசைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் வாயில் விடும் உறவினரை வாசலிலேயே நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுத்தால் நிற்கிறதே, எப்படி? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. பெயர் சாவிக்குப் போகிறது. சாவியை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். அரை மணி நேரம் நீடித்தால்தான் ஓயாத வலிப்பு என்று நாங்கள் படித்தோம். இப்போது 5 நிமிடம் தாண்டினாலே அப்படித்தான் கருதி மருந்து கொடுக்கிறோம். அரை மணி கடந்தால் மூளைக்கு நீண்டகாலக் கேடு வரலாம். நினைவு திரும்புமுன் இரண்டாவது வலிப்பு வந்தாலும் அவசரம்தான். அடிக்கடி வருபவர் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் 42 ஆண்டு கோமாவில் இருந்தார் என்று படித்தேன். அத்தனை ஆண்டு ஒருவர் கோமாவில் இருக்க முடியுமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: முடியாது. கோமா என்றால் கண் மூடிய நிலை. சில வாரத்துக்கு மேல் நீடிப்பது அரிது. அதன் பிறகு இறப்பார், அல்லது எழுவார், அல்லது நினைவில்லாமல் கண் மட்டும் திறந்து தூங்கி விழிப்பார். அருணா இருந்தது மூன்றாவது நிலையில். 1973 நவம்பர் 27 அன்று நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கப்பட்டதில் மூளைக்கு ஆக்சிஜன் நின்றது. 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும் வரை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ்கள், தலைமுறை மாறியும், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவரை அறியாத பெண்கள்கூட அவருக்காக ஷிப்டு பார்த்தார்கள். அவர் வழக்கில்தான் 2011இல் உச்ச நீதிமன்றம், தேறாதவருக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு நிபந்தனைகளோடு வழி திறந்தது. அருணாவுக்கு நிறுத்த அனுமதிக்கவில்லை. 2018இல், தன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை வந்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். நான் எழுதி வைத்துவிட்டேன். என் மகனுக்குத்தான் கோபம்.

கேள்வி: தம்பிக்கு ஆஸ்துமா முற்றி மூச்சு நின்று, ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தான். நினைவு, கணக்கு எல்லாம் சரி. ஆனால் காபி டம்ளரை எடுக்கப் போனால் கை தூக்கிப் போடுகிறது. எழுந்து நின்றால் முழங்கால் திடீரென்று மடிகிறது. படுத்தால் ஒன்றுமில்லை. வீட்டில் நடிக்கிறான் என்கிறார்கள். (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: நடிப்பவர் யாரும் இவ்வளவு பாடப்புத்தகமாக நடிக்க மாட்டார். லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 1963இல் இதே நிலையில் நான்கு பேரை வர்ணித்தார்கள். நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. ஆக்சிஜன் குறைவுக்குப் பிறகு நினைவு திரும்பியவருக்கு, ஒரு காரியத்தைச் செய்ய எண்ணிய நொடியில் தசை வெட்டுகிறது. நிற்கும்போது தசை ஒரு கணம் தளர்ந்து முழங்கால் மடிகிறது. முதல் கடிதத்தில் வந்த துடிப்பிலிருந்து இது வேறு. தம்பி விழித்திருக்கிறார், அதுவே பெரிய விஷயம். குளோனாசெபாம், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம் இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்த்தால் பலருக்குக் குறைகிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஃபெனிடோயின் இதற்குப் பெரிதாக உதவாது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள். மாதங்கள் போகப் போகத் தணியும். அதுவரை கழிப்பறையில் பிடிமானக் கம்பி பொருத்துங்கள். காபியை மூடி போட்ட கனமான குவளையில் பாதி அளவு கொடுங்கள். நடிப்பு என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரே கொடுக்கட்டும்.